பெயரும் ஊரும்

முன்பின் அறியாத இருவர் முதன்முறையாக எதிர்ப்படும்போது, அவர்களிடையே கண்ணுக்குப் புலப்படாத மதில் ஒன்று நிற்கின்றது. அம்மதிலில் திறக்கும் முதல் வாயில் அறிமுகமே ஆகும். தன் பெயரைச் சொல்லுதல், தன் ஊரைச் சொல்லுதல், உடன் வந்தவரை இன்னார் என்று காட்டுதல் ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள். எம்மொழியைக் கற்கப் புகுவார்க்கும் இவையே முதற்பாடமாக அமைகின்றன. இவை எளியவை என்று கருதிப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒருவருடைய பணிவும் துணிவும் பிறரை மதிக்கும் பண்பும் இச்சிறு செயலிலேயே வெளிப்பட்டுவிடுகின்றன. தன்னைப்பற்றிச் சுருக்கமாகவும் கூச்சமின்றியும் சொல்லுதல், பிறரைப்பற்றி நிறைவாகவும் உண்மையாகவும் சொல்லுதல் ஆகிய இவ்விரண்டுமே அறிமுகத்தின் அறம் ஆகும்.

அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்திற்கு அணித்தே உள்ளது கங்கைகொண்ட சோழபுரம். அங்குள்ள பெருங்கோயில் 2004 ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 53 மீட்டர் உயர்ந்து நிற்கும் அதன் விமானத்தைக் காணப் பல நாட்டினரும் வருகின்றனர். வருவோர் அங்கு விளையாடும் சிறுவரிடம், "தம்பி, உன் பெயர் என்ன?" என்று கேட்டால், சிலர் தலைகுனிந்து நகைப்பர், சிலர் அருகிலுள்ளவன் முதுகிற்குப் பின் மறைவர். சிறுவரின் கூச்சம் இயல்பானது. ஆனால், அச்சிறுவர் வளர்ந்து நகரத்துக் கல்லூரியை அடைந்த பின்னும் அக்கூச்சம் வேறு வடிவில் தொடர்வது உண்டு. "எந்த ஊர்?" என்று எவரேனும் வினவினால், "கும்பகோணம் பக்கம்" என்றும், "திருச்சிப் பக்கம்" என்றும் விடை வருகின்றது. ஊர் இருக்க, ஊரின் பக்கத்தைச் சொல்லுவானேன்? சிற்றூரின் பெயரைச் சொன்னால் கேட்போர் தம்மைச் சிறியராகக் கருதுவர் என்னும் அச்சமே இதற்குக் காரணம். ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிய ஊரினர்க்கே இவ்வச்சம் வருமாயின், பிற சிற்றூர்ப் பிள்ளைகளின் நிலையைக் கூறவும் வேண்டுமோ!

கங்கைகொண்ட சோழபுரம் என்னும் பெயரே ஓர் அறிமுகம் அன்றோ! முதலாம் இராசேந்திரன் 1014 முதல் 1044 வரை அரசாண்டான். அவனுடைய படை வடக்கே சென்று கங்கை நீரைக் கொணர்ந்தது. அதனால் அவன் கங்கைகொண்ட சோழன் எனப்பட்டான். அவன் அமைத்த தலைநகரும் அப்பெயர் பெற்றது. அவன் வெட்டிய பேரேரி சோழகங்கம் எனப் பெயர் பெற்றது. இன்று அதனைப் பொன்னேரி என்பர். சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசனை அறிமுகம் செய்யும் பகுதிக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். இராசராசன் காலத்தில் முறையாக எழுந்த அவ்வழக்கம் இராசேந்திரன் காலத்தில் விரிந்தது. ஆட்சியாண்டு ஏற ஏற, வென்ற நாடுகளின் பட்டியலும் நீண்டது.

இவ்வாறு தன்னை அறிவித்தல் முடிமன்னர்க்குப் பொருந்தலாம், ஏனையோர்க்குப் பொருந்தாது. ஏனையோர்க்கு உரிய முறையையும் அக்கல்வெட்டுகளே காட்டுகின்றன. மெய்க்கீர்த்தி முடிந்தபின், கோயிலுக்கு விளக்கோ நிலமோ அளித்தவர் குறிக்கப்பெறுகின்றார். அவருடைய நாடு, ஊர், பெயர் ஆகியவை பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எந்த ஊரினர், யார், என்ன செய்தார் என்னும் மூன்றையும் அறிந்தபின் கேட்போர்க்கு வேறு ஐயம் எழுவதில்லை. அரசனுக்குப் பல வரிகள் வேண்டியிருந்தன. கொடையாளிக்கு ஒரு வரியே போதுமானதாயிற்று.

சங்கப் புலவர் பெயர்களை நோக்கினும் இவ்வுண்மை விளங்கும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊர், தந்தை, பெயர் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்னும் பெயரில் தொழிலும் சேர்ந்துள்ளது. கூலம் விற்றவர் என்பதைச் சொல்ல அப்புலவரைக் குறித்தோர் நாணவில்லை. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்னும் பெயரில் ஊரேயன்றி, அவ்வூரின் ஒரு சேரியும் இடம்பெற்றுள்ளது. ஊர் பெரிதாயினும் சிறிதாயினும் அதனைப் பெயரின் முன்னே நிறுத்துதல் தமிழர் வழக்கு. ஊரை மறைத்தல் பிற்காலத்தார் கற்றுக்கொண்ட பழக்கமே ஆகும்.

ஊரின் பெயர் துன்பத்திலும் துணைநிற்கும் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. சிலம்பு ஏந்தி நின்ற கண்ணகியை நோக்கி, நீ யார் என்று பாண்டியன் வினவினான். அவள் உடனே தன் பெயரைச் சொல்லவில்லை. புறாவின் துயர் தீர்த்த அரசனும், கன்றை இழந்த பசுவுக்கு முறைசெய்த அரசனும் வாழ்ந்த புகார் தன் ஊர் என்றாள். அவ்வூரில் பிறந்து, பிழைக்க வந்த இடத்தில் கொலையுண்ட கோவலன் மனைவி தான் என்றாள். அதன் பின்னரே கண்ணகி என்னும் தன் பெயரைக் கூறினாள். அயலூரில், துணையின்றி, அரசன் முன்னிலையில் நின்ற ஒரு பெண்ணுக்கு அவளுடைய ஊரின் பெயரே சான்றாயிற்று. நாணித் தலைகுனிந்திருப்பாளாயின் நீதி கிடைத்திருக்குமோ? தன்னை இன்னார் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்திருத்தல் வெறும் நாகரிகம் அன்று. உரிமையைக் காத்துக்கொள்ளும் கருவியும் ஆகும்.

தாய்மொழியில் இங்ஙனம் பழகியவர்க்கே பிறமொழியிலும் தம்மை அறிவித்தல் கைகூடும். அதற்குத் தேவை இல்லை என்று எண்ணுதல் தவறு. சோழர் தூதுவர் கடல் கடந்து சீனப் பேரரசர் அவைக்கு 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சென்றனர். அவர்கள் சொல்லிய மன்னர் பெயர்களைச் சீனர் தம் நாவிற்கு ஏற்பத் திரித்து எழுதிவைத்துள்ளனர். இக்காலத்திலும் தமிழ்நாட்டிலிருந்து அயல்நாடு செல்லும் வழிகள் பெருகிவருகின்றன. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம், ஆப்பிரிக்காவின் கீழைக்கடலில் உள்ள சான்சிபார் தீவில் தன் கிளையை 2023 ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்குக் கல்வி ஆங்கிலத்தில் நடைபெறினும், தெருவிலும் அங்காடியிலும் இல்லத்திலும் வழங்குவது சுவாகிலி மொழியே. கடற்கரைகள் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். தான்சானியா, கென்யா முதலிய நாடுகளில் அம்மொழி வழங்குகின்றது. அதனைப் பேசுவோர் 20 கோடிக்கும் மேற்பட்டோர் என்று யுனெஸ்கோ நிறுவனம் கூறுகின்றது. அந்நிறுவனம் ஆண்டுதோறும் சூலைத் திங்கள் 7 ஆம் நாளைச் சுவாகிலி மொழி நாளாகக் கொண்டாட வகைசெய்துள்ளது. அம்மொழியின் செந்நிலை வழக்குக்கு அடிப்படையாய் அமைந்ததும் சான்சிபார் நகரப் பேச்சே ஆகும்.

அம்மொழியின் முதற்பாடம் தமிழ் மாணவர்க்கு வியப்பூட்டும். "ஜீனா லாங்கு நி" என்று தொடங்கித் தன் பெயரைச் சேர்த்தால், "என் பெயர் இன்னது" என்று பொருள்படும். "ஜீனா" என்பது பெயர். "லாங்கு" என்பது என்னுடைய. தமிழில் "என்" முன்னும் "பெயர்" பின்னும் வர, அங்குப் பெயர் முன்னும் "என்" பின்னும் வருகின்றன. "உன் பெயர் என்ன?" என்று கேட்க, "ஜீனா லாக்கோ நி நானி?" என்பர். "நானி" என்பதற்கு "யார்" என்பது பொருள். ஒருவருடைய பெயரை "என்ன" என்று அஃறிணைச் சொல்லால் வினவாமல், "யார்" என்று உயர்திணைச் சொல்லாலேயே வினவும் அழகு நினைக்கத்தக்கது.

ஊரைச் சொல்லும் தொடர் இன்னும் சுவையானது. "நினாத்தோக்கா" என்றால் "யான் வருகின்றேன்". அதாவது, இன்ன ஊரினன் என்பது கருத்து. "உனாத்தோக்கா" என்றால் நீ வருகின்றாய். "அனாத்தோக்கா" என்றால் அவர் வருகின்றார். தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களையும் தமிழ் வினையின் இறுதியில் நிற்கும் ஏன், ஆய், ஆர் என்னும் விகுதிகள் உணர்த்துகின்றன. சுவாகிலியிலோ வினையின் முதலில் நிற்கும் நி, உ, அ என்னும் உறுப்புகள் உணர்த்துகின்றன. ஒன்றில் வாலாக நிற்பது மற்றொன்றில் தலையாக நிற்கின்றது. இரு மொழிகளும் ஓரினத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும், வினைச்சொல்லுக்குள்ளேயே செய்பவரை அடக்கும் முறையைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்ந்துகொள்வர். "நினாத்தோக்கா கங்கைகொண்ட சோழபுரம்" என்று சான்சிபாரில் நின்று ஒரு மாணவி சொல்வாளாயின், அவ்வூர்ப் பெயரை அங்குள்ளார் முன்னம் கேட்டிருக்கமாட்டார். எங்குளது, அப்பெயர் ஏன் வந்தது என்று கேட்பர். பக்கத்து நகரத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் அவ்வுரையாடல் பிறந்திருக்குமோ?

பெயரையும் ஊரையும் சொல்லுமுன் வணக்கம் கூறுதல் அங்கும் கடமை. இளையோர் முதியோரைக் கண்டால் "ஷிக்கமோ" என்பர். முதியோர் "மரஹாபா" என்று ஏற்பர். நும் கால்களைப் பற்றுகின்றேன் என்பதே முதற்சொல்லின் மூலக்கருத்து என்று விளக்குவர். அடி வணங்கும் தமிழ் மரபை அறிந்தவர்க்கு இதனினும் நெருக்கமான சொல் ஏது? ஒத்த வயதினர் "ஹபாரி" என்று வினவுவர். அதற்குச் செய்தி என்பது பொருள். "என்ன சேதி?" என்று நம் சிற்றூரார் கேட்பதும் அதுவே. பிறர் இல்லத்து வாயிலில் நின்று "ஹோடி" என்று குரல்கொடுக்க, உள்ளிருப்போர் "கரீபு" என்பர். வருக என்பதும், அருகில் என்பதும் அச்சொல்லின் பொருள்கள். அயலாரை அருகில் வருமாறு அழைப்பதுதானே வரவேற்பு!

பெயரமைப்பிலும் ஓர் ஒற்றுமை உண்டு. சான்சிபார் மக்களிடையே தன் பெயரை அடுத்துத் தந்தை பெயரைச் சொல்லும் வழக்கம் உளது. சான்சிபாரின் தலைவராக 2020 ஆம் ஆண்டில் பொறுப்பேற்றவர் உசேன் அலி முவின்யி. அவர் தந்தையார், தான்சானியாவின் குடியரசுத் தலைவராய் இருந்த அலி அசன் முவின்யி. மகன் பெயரின் பின் தந்தை பெயர் நிற்றலைக் காண்க. தமிழரோ தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயரின் முன் நிறுத்துகின்றனர். தாய் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்தெழுதுவோர் உளர். அயல்நாட்டார் அம்முதலெழுத்தின் பொருளை அறியார். அதனை விளக்கிச் சொல்லுதலும் அறிமுகத்தின் பகுதியே. அவ்வாறே, பிறர் பெயரைப் பிழையின்றி ஒலிக்கக் கேட்டுக் கற்றுக்கொள்ளுதல் கடமை. "தங்கள் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பது இழிவு அன்று. கேளாது சிதைத்துக் கூறுவதே இழிவு.

இனி, பிறரை அறிமுகம் செய்தலைக் காண்போம். "ஹுயு நி ரஃபீக்கி யாங்கு" என்றால் "இவர் என் நண்பர்" என்று பொருள். "ஹுயு" என்னும் சுட்டு ஆணையும் பெண்ணையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் இவன், இவள், இவர் என மூன்று சொற்கள் உள்ளமையின், எதனைச் சொல்லுவது என்னும் பொறுப்பும் சேர்ந்து வருகின்றது. தனிமையில் "டேய்" என்று அழைக்கும் தோழனையும், அயலார் முன்னிலையில் "இவர் என் வகுப்புத் தோழர்" என்றே சொல்லுதல் வேண்டும். அச்சிறு "அர்" விகுதி அவனுக்கு அவையில் ஓர் இருக்கையைத் தருகின்றது.

தன்னைப் புகழ்தல் தகாது என்றும், பிறரே புகழ்தல் தக்கது என்றும் தமிழ் இலக்கணம் நெறி வகுத்துள்ளது. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதத் தக்கவர் நூலாசிரியருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே என்று நன்னூல் கூறுகின்றது. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்தவர் பனம்பாரனார். அவர் தொல்காப்பியருடன் கற்றவர் என்பது மரபு. தன் ஆற்றலை உணராதார் நடுவிலும், பிறர் பழித்த காலத்திலும், இவை போன்ற சில இடங்களில் மட்டுமே புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என்று அந்நூல் வரையறுக்கின்றது. ஆதலின், தன் பெயரையும் ஊரையும் சொல்லுதல் தற்புகழ்ச்சி என்று அஞ்சி வாய்மூடி இருத்தலும் வேண்டா; தன் பரிசுகளை அடுக்குதலும் வேண்டா. அப்பணியை உடன் கற்பவர் செய்யட்டும்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையாருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான். இருவரும் நேரில் கண்டவர் அல்லர். வாராத ஒருவரை அருகிருந்தோர்க்கு அவன் அறிமுகம் செய்தான். ஆந்தையார் தம் பெயரைச் சொல்ல நேரும்போது சோழன் பெயரையே தம் பெயராகச் சொல்லும் அன்பினர் என்றான். அவன் சொன்னவாறே அவர் வந்தார். தான் அறிமுகம் செய்தவர்மேல் அரசன் கொண்ட நம்பிக்கை பொய்க்கவில்லை. புறநானூறு போற்றும் இந்நட்பு, மெய்யான அறிமுகத்திற்கு இலக்கணமாய் நிற்கின்றது.

அறிமுகத்தில் சொல்லத்தக்கவை இவை என்றால், கேட்கத்தகாததும் ஒன்று உண்டு. பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பின்பு ஊரில் எந்தத் தெரு என்று துருவுவோர் இன்றும் உளர். அவர்கள் தேடுவது தெரு அன்று, சாதி என்பதை அனைவரும் அறிவர். பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டங்களைக் களையவேண்டும் என்று செங்கற்பட்டில் 1929 ஆம் ஆண்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. பெயரிலிருந்து நீங்கியதை வினாவின் வழியே மீட்டுக்கொணர்தல் பெருந்தீங்கு. வாயிலைத் திறக்கவேண்டிய வினாவே அங்கு மீண்டும் மதிலை எழுப்புகின்றது. சிற்றூர் மாணவர் சிலர் தம் ஊரை மறைப்பதற்கு இவ்வினாவின் அச்சமும் காரணமாம். ஆதலின், ஊரைக் கூசாது சொல்லுமாறு இளையோர்க்கு அறிவுரை கூறும் பெரியோர், அவ்வினாவைத் தாம் எழுப்பாதிருத்தலே முதற்கடன்.

ஆங்கிலம் இருக்கச் சுவாகிலி போன்ற பிறமொழிகளில் சில தொடர்களைக் கற்பதால் பயன் என்னை என்று சிலர் கேட்பர். பயன் உண்டு. பொதுமொழியில் பேசும் அயலாரைச் செவி ஏற்கும். தம் மொழியில் வணக்கம் கூறும் அயலாரை உள்ளம் ஏற்கும். கங்கைகொண்ட சோழபுரத்திற்கு வரும் வெளிநாட்டார் ஒருவர் திருத்தமற்ற தமிழில் "என் பெயர்" என்று தொடங்கும்போது, கேட்போர் முகம் மலர்வதைக் காணலாம். அம்மலர்ச்சியை அயல்நாட்டில் பெற விரும்புவோர், அவர் செய்ததைத் தாமும் செய்தல் வேண்டும். அரிய இலக்கணம் முழுதும் கற்க ஆண்டுகள் ஆகலாம். பெயரும் ஊரும் நட்பும் சொல்ல ஒரு நாள் போதும்.

தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவராய் விளங்கிய சூலியசு நைரேரே, அரசியலுக்கு வருமுன் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். நாட்டின் தலைமையை ஏற்ற பின்னும் மக்கள் அவரை "முவாலிமு" என்றே அழைத்தனர். ஆசிரியர் என்பது அச்சொல்லின் பொருள். கங்கைகொண்டான் என்னும் பட்டத்தை வெற்றி தந்தது; முவாலிமு என்னும் பட்டத்தை மக்கள் அன்பு தந்தது. பின்னதை எளியோரும் தம் தொழிலால் பெறலாம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் வடபுறத்தில் புகழ்பெற்ற சிற்பம் ஒன்று உளது. சண்டேசர் கைகூப்பித் தலைதாழ்த்தி அமர்ந்திருக்கின்றார். சிவபெருமான் அவர் தலையில் மாலையைச் சுற்றுகின்றார். சிறப்புப் பெறுபவர் வாய்திறவாதிருக்க, அளிப்பவர் செயலே அவரை உலகிற்கு அறிவிக்கின்றது. தன் பெயரையும் ஊரையும் நிமிர்ந்து சொல்லி நிறுத்திக்கொள்க; தோழர் பெருமையை மாலையாகச் சூட்டுக. பெயர் சிறிதாயினும் ஊர் சிறிதாயினும், இவ்வாறு சொல்லும் நா சிறியது ஆகாது.